நெடுந்தீவில் பார்க்க என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டில் நாளிதழ் வாசிக்கிறவர்களுக்கு நெடுந்தீவு ஒரு கைதுச் செய்தி. எல்லை தாண்டி மீன்பிடித்ததாக இராமேஸ்வரம் மீனவர்கள் பிடிபடும்போதெல்லாம் 'நெடுந்தீவு அருகே' என்ற இரண்டு சொற்கள் அச்சாகும். கொழும்பிலிருந்து வரும் பயணிக்கு அது காட்டுக் குதிரைகள் திரியும் தீவு. யாழ்ப்பாணத்தவரில் பலருக்கும் அது ஒருநாள் போய்வரும் இடம். விடியவே வெளிக்கிட்டு, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய், பொழுதுபட முன் திரும்பிவிடுவார்கள். அங்கே ஓர் ஊர் இருக்கிறது என்பது இந்த மூவர் பார்வையிலும் ஓரமாகவே விழுகிறது. அந்த ஊரை எப்படிப் பார்ப்பது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

யாழ்நகரிலிருந்து பண்ணைப் பாலத்தால் இறங்கி, வேலணை கடந்து, புங்குடுதீவின் கோடியில் உள்ள குறிகட்டுவானுக்குப் போக வேண்டும். தரைவழி அங்கே முடிகிறது. நயினாதீவுக்குப் போகும் அடியார் கூட்டத்தை விலக்கி நெடுந்தீவுப் படகில் ஏறினால், ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த ஒரு மணி நேரம் வயிற்றைப் பிரட்டும். மாவிலித்துறையில் படகு அணைந்ததும் ஓட்டோக்காரர்கள் வந்து சூழ்வார்கள்.

"அண்ணை, எல்லாம் சுத்திக் காட்டுறன். குதிரை, பெருக்கமரம், வளர்ற கல்லு, பாதம், கோட்டை, புறாக்கூடு. பின்னேரப் படகுக்குக் கொண்டுவந்து விடுவன்."

அவர் சொன்ன பட்டியல் அவர் உருவாக்கியது அல்ல. வழிகாட்டிப் புத்தகங்களும் சுற்றுலாத் துறையும் வருகிறவர்களின் கமராவும் சேர்ந்து உருவாக்கியது. அதைச் சற்று நின்று பார்த்தால் ஒன்று தெரியும். குதிரை ஐரோப்பியர் கொண்டுவந்தது. பெருக்கமரம் அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுவது. கோட்டை போர்த்துக்கேயர் கட்டியது. புறாக்கூடு ஒல்லாந்தர் செய்தி அனுப்பப் பயன்படுத்தியது. பாதமும் வளரும் கல்லும் இயற்கையின் வேலை. ஊரார் தம் கையால் ஆக்கிய ஒரு பொருள்கூட இதில் இல்லை. அவர்கள் ஆக்கியவை, ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு ஓட்டோ ஓடும்போது இரு புறமும் கடந்து போகின்றன. நெடுந்தீவின் தலையாய காட்சி அந்த இரு புறமும்தான் இருக்கிறது என்பது என் துணிபு. பட்டியலில் உள்ளவைகூட அவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதே விளங்கும்.

நிலத்திலிருந்து தொடங்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சூழ்ந்த தீவுகளில் நெடுந்தீவு குடாநாட்டுக் கரையிலிருந்து மிகத் தள்ளி, தென்மேற்கே பாக்கு நீரிணைக்குள் கிடக்கிறது. பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். யாழ் மாவட்டத்தின் கிராம சேவையாளர் பிரிவுகளுக்கு இலக்கமிட்டபோது ஜே/01 இங்கேதான் தொடங்கியது; ஜே/06 வரை ஆறு பிரிவுகளும் நெடுந்தீவே. இலக்கத்தில் முதலாவது, வசதிகள் வந்து சேர்வதில் கடைசி. இன்று குடியிருப்பவர்கள் நாலாயிரத்துக்கும் குறைவு. போருக்கு முன் இதைவிடக் கூடுதலாக இருந்தார்கள். வன்னிக்கும் யாழ்நகருக்கும் கனடாவுக்கும் இலண்டனுக்கும் போனவர்களைச் சேர்த்தால், நெடுந்தீவார் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோரில் பெரும்பாலோர் நெடுந்தீவில் இல்லை.

தீவு முழுவதும் சுண்ணக்கல். உயரமான இடங்கள்கூடக் கடல்மட்டத்துக்குச் சில மீற்றரே மேலே. மலை இல்லை, ஆறு இல்லை. மேல்மண் மெல்லிய படை. மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் பல இடங்களில் கல்லில்தான் முட்டும். அந்தக் கல்லில் பெரும்பகுதி முருகைக்கல், அதாவது கடலுக்குள் வளர்ந்து இறந்து இறுகிய பவளப் பூச்சிகளின் கூடு. இப்படிப்பட்ட நிலத்தில் பயிர் செய்ய நினைத்தவன் முதலில் கல்லைப் பொறுக்கியாக வேண்டும். பொறுக்கிய கல்லை எங்காவது போட்டாக வேண்டும். தன் காணியின் எல்லையிலேயே அடுக்கினான். கல்வேலி பிறந்தது.

குடாநாட்டின் மற்ற ஊர்களுக்கு வேலி என்றால் கிடுகு அல்லது பனையோலை. சில வருடத்துக்கொரு தடவை பழையதைக் கழற்றிப் புதிதாக அடைக்க வேண்டும். வேலியடைப்பு அங்கே ஒரு பருவ வேலை. நெடுந்தீவின் கல்வேலி வேறு வகை. சாந்து கிடையாது, சுண்ணாம்பு கிடையாது, மண்கூடப் பூசுவதில்லை. கல்லின் மேல் கல், தன் பாரத்திலேயே நிற்கிறது. சராசரியாக இடுப்பளவு உயரம், சில இடங்களில் நெஞ்சளவு. ஓட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு வேலியருகே குந்தியிருந்து பார்க்க வேண்டும். அடியில் பெரிய, தட்டையான கற்கள். மேலே போகப்போகச் சிறியவை. இரண்டு கல் சந்திக்கும் விளிம்பின் மேல் மூன்றாவது கல்லின் நடு வந்து உட்காருகிறது. இடைவெளியில் செருகப்பட்ட சில்லுகள் ஆட்டத்தை நிறுத்துகின்றன. கல்லின் முகத்தில் பவளத்தின் பொறிப்பு இன்னும் அழியவில்லை: ஒன்றில் தேன்கூட்டுக் கண்கள், இன்னொன்றில் வளைந்து நெளிந்து ஓடும் வரப்புகள், வேறொன்றில் நட்சத்திரப் புள்ளிகள். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைக்கும் பொருள் இங்கே மாட்டைத் தடுத்துக்கொண்டு நிற்கிறது.

வேலியில் வெளிச்சம் ஊடுருவும் ஓட்டைகள் ஏராளம். அவை வேலைக் குறைபாடு அல்ல. மரமடர்த்தி இல்லாத இந்தத் தட்டை நிலத்தில் காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. அடைத்துக் கட்டிய மதில், காற்றை மேலே தூக்கி மறுபக்கம் சுழலாக இறக்கும். ஓட்டை உள்ள வேலி காற்றின் வேகத்தை வடிகட்டி, மெல்லியதாக்கி உள்ளே விடுகிறது. ஈரம் காய்வதும் மண் பறப்பதும் குறைகின்றன. ஆடு மாடு பயிருக்குள் வராது. மாரியில் வெள்ளம் கல்லிடுக்கால் வடிந்து போகும், வேலி சரியாது. சரிந்தாலும் விழுந்த கல் விழுந்த இடத்திலேயே கிடக்கும். எடுத்து மீண்டும் அடுக்க வேண்டியதுதான், காசு செலவில்லை. ஒரு தீவின் முழுத் தரைத்தோற்றத்தையும் இப்படி எளிய விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக அடுக்கி ஆக்கியிருக்கிறார்கள். எந்த அரசனின் பெயரும் அதில் இல்லை. கோட்டையைவிட இதுவே பெரிய கட்டுமானம் என்று நான் நினைக்கிறேன்.

கல்லுக்கு அடுத்தது நீர். நெடுந்தீவில் இரண்டும் ஒரே கதை. வடகீழ்ப் பருவ மழை ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டும். அந்த மூன்று மாத மழைதான் ஆண்டு முழுமைக்கும். சுண்ணக்கல் நீரைத் தேக்கி வைக்காது, உள்ளே இழுத்துவிடும். உள்ளே போன மழைநீர் கீழே இருக்கும் கடல்நீரைச் சந்திக்கிறது. கடல்நீர் சற்றுக் கனமானது; ஒரு லீற்றர் நன்னீர் 1000 கிராம் என்றால் கடல்நீர் ஏறத்தாழ 1025 கிராம். அதனால் நன்னீர் அதன் மேல் மிதக்கும். நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும் கிடக்கும் இந்த நன்னீர்ப் படையை நீரியலாளர் வில்லை என்பர். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நெதர்லாந்தின் கெய்பனும், அதன்பின் 1901-இல் ஜேர்மனியின் ஹெர்ஸ்பேர்க்கும் தனித்தனியே இதற்கொரு கணக்குச் சொன்னார்கள். நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு ஒரு மீற்றர் மேலே நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். கேட்க மகிழ்ச்சியான கணக்கு. ஆனால் அது மறுபுறமும் வெட்டும். அளவுக்கு மிஞ்சி இறைத்து மேல் மட்டத்தை ஒரு மீற்றர் இறக்கினால், கீழிருந்து உப்புநீர் நாற்பது மீற்றர் ஏறி வரப் பார்க்கும். ஒருமுறை உவரான கிணறு நன்னீருக்குத் திரும்பப் பல மாரிகள் வேண்டும்.

கெய்பனின் பெயர் கேள்விப்படாத ஊரார் இதை அறிந்தே கிணறு வெட்டினார்கள். ஆழம் போகக் கூடாது. அகலமாக, தாழ்வாக வெட்ட வேண்டும். துலாவால் இறைக்கும்போது ஒரு மனிதக் கையின் வேகத்துக்கு மேல் நீர் குறையாது. இறைத்த இடைவெளியில் ஊறி வந்துவிடும். கிணறும் பூவலும் துரவும் கேணியும் குளமுமாக, நீரை ஓரிடத்திலிருந்து உறிஞ்சாமல் பல இடங்களில் சிறிது சிறிதாக எடுத்தார்கள். தீவு முழுவதும் நீர் ஒரே சுவை அல்ல. சாராப்பிட்டிப் பக்கத்துக் கிணறுகள் நன்னீருக்குப் பேர் போனவை. மற்றப் பல கிணறுகள் குளிக்கவும் கழுவவும் ஆகும். குடிக்க வாயில் வைத்தால் கரிக்கும். இந்த ஊரில் ஒரு வீட்டின் அன்றாட ஒழுங்கை நல்ல தண்ணீர்க் கிணறு எவ்வளவு தூரம் என்பது தீர்மானித்தது. இப்போது கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் வந்திருக்கிறது. குழாயும் பவுசரும் ஓரளவு ஓடுகின்றன. ஆனால் அந்த இயந்திரம் மின்சாரத்தில் ஓடுவது. தீவின் மின்சாரமோ படகில் வந்து இறங்கும் டீசலில் ஓடுவது. குடிநீர் இப்படிக் கடைசியில் படகையே நம்பி நிற்கிறது.

அந்த டீசலுக்கு மாற்றாகத்தான் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றும் சூரிய ஒளியும் கலந்த மின்திட்டம் பேசப்பட்டது. 2021-இல் அதை ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்கத் தீர்மானித்தபோது இந்தியா எதிர்ப்புத் தெரிவித்தது. பிறகு இந்தியாவின் 11 மில்லியன் அமெரிக்க டொலர் நன்கொடையில் அது செய்யப்படும் என்று முடிவாகி, 2024 மார்ச்சில் உடன்படிக்கை கைச்சாத்தானது. இரண்டு பெரிய நாடுகளின் பாதுகாப்புக் கவலைகள் முட்டிய இடத்தில், கரிக்காத ஒரு குடம் தண்ணீருக்குக் காத்திருந்த ஊரார் செய்தியில் இடம்பெறவே இல்லை.

இனிக் குதிரைக்கு வருவோம். இந்தக் கடலில் குதிரை வணிகம் ஐரோப்பியருக்கு மிக முந்தியது. அயல் தீவான நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டு ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்கு ஒரு சட்டம் வகுக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கு ஏற்றிய கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. குதிரை கொண்டுவருகிறவனை அரசன் எவ்வளவு விரும்பினான் என்பதை இந்தப் பங்குக் கணக்கே சொல்லிவிடுகிறது. வாங்கிச் செலவழிப்பதைவிட வளர்த்துக்கொள்ளலாம் என்று பின்னால் வந்த ஐரோப்பியர் நினைத்தார்கள். போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசை 1619-இல் கைப்பற்றினார்கள். ஒல்லாந்தர் அவர்களிடமிருந்து 1658-இல் பறித்தார்கள். தீவுகளுக்கெல்லாம் தங்கள் நாட்டு நகரப் பெயர்களைச் சூட்டிய ஒல்லாந்தர், நெடுந்தீவுக்கு டெல்ப்ற் என்று வைத்தது இன்றும் ஆங்கில வரைபடங்களில் நிற்கிறது. சுற்றிலும் கடல் இருப்பதால் குதிரை ஓடித் தப்பாது, களவும் போகாது, குடாநாட்டுக் கால்நடைகளின் நோயும் தொற்றாது. குதிரைப் பண்ணைக்குத் தீவைப்போல் தோதான இடம் வேறில்லை. பிரித்தானியர் காலத்தின் தொடக்கத்தில் நோலன் என்ற படை அதிகாரி இந்தப் பண்ணையை நடத்தினார். பின்னர் பண்ணை கைவிடப்பட்டது. எஞ்சிய குதிரைகள் தாமாகப் பெருகின.

பண்ணையின் லாயத்துத் தூண்கள் இன்றும் வெட்டவெளியில் வரிசையாக நிற்கின்றன. அதே முருகைக்கல், இங்கே சாந்திட்டுக் கட்டியது. பயணிகள் தூணருகே நின்று படம் எடுப்பார்கள். கிணற்றருகே கிடக்கும் கல்தொட்டிகளை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. எனக்குத் தூண்களைவிடத் தொட்டிகள் முக்கியமாகப் படுகின்றன. வளர்ந்த குதிரை ஒன்றுக்கு வெயில் நாளில் முப்பது நாற்பது லீற்றர் தண்ணீர் வேண்டும். நூற்றுக்கணக்கான குதிரைகளை இந்தத் தீவில் வைத்திருந்தவர்கள், நாளுக்குப் பல ஆயிரம் லீற்றர் நன்னீரை யாராவது கையால் இறைத்துத் தொட்டியில் ஊற்றும்படி செய்திருக்க வேண்டும். அந்தக் கைகள் யாருடையவை என்று கேட்டால், ஒல்லாந்தர் குதிரைகளின் வரலாறு நெடுந்தீவாரின் உழைப்பு வரலாறாக மாறிவிடும்.

இன்று தொட்டியில் இறைத்து ஊற்ற ஆள் கிடையாது. கோடையில் குளங்கள் வற்றி, புல்வெளி பழுப்பேறி, குதிரைகள் எலும்பு தெரிய நிற்கும். கடும் வறட்சி ஆண்டுகளில் இறந்தும் விழுகின்றன. அப்போது இளைஞர்களும் பிரதேச சபையும் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றும் செய்தி வரும். 2015-இல் தீவின் ஒரு பகுதி, ஏறத்தாழ 1,846 ஹெக்டேயர், தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தீவின் மூன்றிலொரு பங்குக்கும் மேலான நிலம் அது. குதிரைக்குக் காப்பு வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதே புல்லில் ஊராரின் மாடும் ஆடும் தலைமுறையாக மேய்ந்து வந்திருக்கின்றன. படம் எடுப்பதற்குக் குதிரை; பாலுக்கு மாடு. வறட்சியில் இரண்டும் ஒரே குளத்துக்குத்தான் வரும். குதிரையைப் பார்க்கப் போகிறவர் அந்தக் குளத்தையும் எட்டிப் பார்க்க வேண்டும்.

பெருக்கமரமும் நீரின் கதையே. ஆப்பிரிக்க மரம். அதன் பருத்த தண்டு மென்மையான, ஈரம் ஊறிய நார்க்கட்டை; மழைக்காலத்தில் குடித்ததைக் கோடைக்கு வைத்துக்கொள்ளும், கோடையில் இலையை உதிர்த்துச் செலவைக் குறைக்கும். மன்னாரிலும் ஒன்று இருக்கிறது, இதைவிடப் பெரியது. நெடுந்தீவு மரத்தின் அடி பொந்து விழுந்து, ஆள் உள்ளே நுழைந்து நிற்கும் அளவுக்கு இருக்கிறது. நின்று, படம் எடுத்து, உட்பட்டையில் பெயரைக் கீறிவிட்டு வருகிறவர்களும் உண்டு. கீறியவர்களைக் கண்டால் கோபம் வருகிறது.

பாறையில் பதிந்த பெரும் பாதத்தைச் சிலர் ஆதாமுடையது என்பர், சிலர் அனுமனுடையது என்பர். மழைநீரில் கரையும் சுண்ணக்கல்லில் இப்படிப்பட்ட குழிகள் விழுவது இயல்பு. இதே கரைதல்தான் நிலத்தடியில் நீர் போகவும் தங்கவும் வழி திறந்தது. வளரும் கல்லை ஊரார் ஒரு நம்பிக்கையோடு பார்க்கிறார்கள். அதை அளந்து பார்த்து மறுக்க வேண்டிய தேவை எனக்குத் தோன்றவில்லை.

பழைய கட்டடங்களில் இரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வைத்தியசாலைக்குப் பின்புறம் கடலோரமாக இடிந்து நிற்பது போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை. இரண்டு மாடி இருந்ததன் அடையாளம் சுவர்களில் தெரிகிறது. ஊரார் இதற்கு வைத்திருக்கும் பெயர் மீகாமன் கோட்டை. தீவின் மேற்குப் பக்கத்தில் வட்ட வட்டமாக முருகைக்கல் அடித்தளங்கள் கிடக்கும் இடம் வெடியரசன் கோட்டை. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிக் கடலேறிய மீகாமனும், அவனைத் தடுத்து நின்ற நெடுந்தீவு மன்னன் வெடியரசனும் ஈழத்து நாட்டார் கதையின் இரு எதிரிகள். ஊரார் அந்த இருவரையும் தீவில் ஆளுக்கொரு கோட்டையில் குடியேற்றிவிட்டார்கள். தொல்லியலாளர் பார்வையில் மேற்கிலுள்ள வட்ட அடித்தளங்கள் பௌத்த தூபிகளின் எச்சம். இலங்கையின் இன்றைய சூழலில் பௌத்த எச்சம் என்று ஒரு பலகை நட்டால், அது நிலத்துக்கு உரிமை கோரும் பலகையாக வாசிக்கப்படுகிறது. அந்த அச்சத்துக்கு வடக்கிலும் கிழக்கிலும் காரணங்கள் உண்டு. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் தமிழ்ப் பௌத்தர் வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது என்பதும் உண்மை. அங்கே நடப்படும் எந்தப் பலகையும் தூபியையும் வெடியரசனையும் சேர்த்தே சொல்ல வேண்டும், மூன்று மொழியிலும். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கும் பலகை வரலாற்றுக்கும் உதவாது, ஊராருக்கும் உதவாது.

ஓட்டோப் பட்டியலில் வராத, ஆனால் எல்லாப் பயணியும் கடந்துபோகும் ஓர் இடம் மாவிலித்துறையிலேயே இருக்கிறது: குமுதினி நினைவிடம். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகை நடுக்கடலில் கடற்படையினர் மறித்து, பயணிகளை வெட்டியும் குத்தியும் கொன்றார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். குறைந்தது 23 பேரின் இறப்பைச் சர்வதேச மன்னிப்புச் சபை பதிவு செய்தது. ஊரார் கணக்கில் இறந்தவர்கள் அதைவிடக் கூடுதல். எவரும் தண்டிக்கப்படவில்லை. ஆண்டுதோறும் மே 15-இல் உறவினர் வந்து விளக்கேற்றுகிறார்கள்.

வெளியூர்க்காரருக்குப் புரியக் கடினமான செய்தி அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்தக் குமுதினி மீண்டும் அதே வழியில் பல்லாண்டு ஓடியது. ஆசிரியர்களும் நோயாளிகளும் பள்ளிப் பிள்ளைகளும், தகப்பனை அதே படகில் இழந்தவர்களும் அதில் ஏறிப் போய்வந்தார்கள். வேறு படகு இல்லை. பின்னர் வடதாரகை வந்தது, நெடுந்தாரகை வந்தது, தனியார் படகுகள் வந்தன. பழுதுபட்டுக் கரையில் கிடப்பதும் கூடவே வந்தது. தெருவும் பாலமும் பேருந்தும் மற்ற ஊர்களுக்குச் செய்யும் வேலை அத்தனையையும் இங்கே ஒரு படகு செய்கிறது. படகைப் பயணத்தின் முன்னுரையாக மட்டும் எண்ணி, கரையேறியதும் மறந்துவிட்டுக் காட்சி தேடுகிறவர், நெடுந்தீவின் மிகப் பெரிய காட்சியில் ஏறி இறங்கியதை அறியாமலே போகிறார்.

மீனவரைப் பற்றி ஒரு சொல். இக்கட்டுரை தொடங்கிய கைதுச் செய்தியின் மறுபக்கம் இங்கே கரையில் தெரியும். இழுவைப் படகு அடித்தளத்தை வாரிக்கொண்டு போகும்போது, நெடுந்தீவு மீனவன் போட்ட வலையும் சேர்ந்தே போகும். கடன் வாங்கி வாங்கிய வலை அது. இழுவை மடியை இலங்கை 2017-இல் சட்டத்தால் தடை செய்தது. தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளியின் வயிறும் இங்கே சிறு வள்ளக்காரனின் வயிறும் ஒரே மொழியில் பேசுகிறவை. இழுவைப் படகின் முதலாளி இந்த இருவரில் எவரும் இல்லை. கச்சதீவு அந்தோனியார் திருவிழாவில் இரு கரையாரும் ஆண்டுக்கொருமுறை சந்திக்கிறார்கள். அந்தக் கச்சதீவும் நிர்வாகத்தில் நெடுந்தீவுப் பிரிவைச் சேர்ந்ததே.

இவ்வளவையும் காலைப் படகுக்கும் பின்னேரப் படகுக்கும் இடையிலான சில மணி நேரத்தில் பார்க்க முடியாது. நேர அட்டவணைதான் பட்டியலைக் குறுக்குகிறது: ஓட்டோ ஓடும் தெருவோரம் இருப்பது, ஐந்து நிமிடத்தில் படம் எடுத்து முடிவது, இவையே 'இடம்' ஆகின்றன. ஒருநாள் பயணி கரையில் விட்டுப்போகும் பணம் ஓட்டோக்கூலியும் ஒரு சோறும். விட்டுப்போகும் மற்றது பிளாஸ்ரிக் போத்தல். நல்ல தண்ணீர் இல்லாத ஊருக்குப் போத்தல் தண்ணீர் கொண்டுபோவது தவிர்க்க முடியாதது. வெற்றுப் போத்தலைத் திரும்பக் கொண்டுவருவது முடியக் கூடியது. தீவில் குப்பை போக வேறு இடம் கிடையாது. அதுவும் படகேறித்தான் போக வேண்டும்.

ஆகவே ஓர் இரவாவது தங்க வேண்டும் என்பேன். தங்குமிடங்கள் சில உண்டு. ஊரார் வீடுகளில் ஓர் அறையை ஒழுங்குபடுத்தி விருந்தினருக்குக் கொடுக்கும் முறை பெருக வேண்டும். அப்போது காசு வீட்டுக்குள் போகும். விருந்தினருக்கு வாளித் தண்ணீர் அளந்து வைக்கப்படும். அந்த அளவிலேயே தீவைப் பற்றிய முக்கால்வாசியும் விளங்கிவிடும். காலையில் ஒடியற் கூழோ புட்டும் மீன்குழம்புமோ கிடைக்கும். வீட்டு அம்மாவிடம் கேட்டால், எந்தக் கிணறு எந்த மாதத்தில் கரிக்கத் தொடங்கும் என்று சொல்லுவார். எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் அது எழுதியிராது. நீச்சல் தடாகமும் குளிரூட்டிய அறைகளும் கொண்ட பெரிய விடுதி இந்தத் தீவுக்கு வரவே கூடாது. ஆழ்துளைக் கிணறு ஒன்றில் இரவு பகலாக மோட்டார் ஓடினால், சுற்றியுள்ள கிணறுகள் எப்படி உவராகும் என்பதை மேலே சொன்ன நாற்பது மடங்குக் கணக்கே காட்டும்.

கல்வேலிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வீட்டார் வெளிநாடு போய்ப் பூட்டிக் கிடக்கும் வளவுகளில் வேலி சரிகிறது. எடுத்து அடுக்க ஆளில்லை. சரிந்த இடைவெளியால் மாடு நுழைந்து பக்கத்துக் காணிப் பயிரை மேய்கிறது. சிலர் அந்தக் கல்லை எடுத்து வேறு கட்டுமானத்துக்குப் போடுகிறார்கள். சிலர் கொங்கிறீற்றுத் தூணும் முட்கம்பியும் நடுகிறார்கள். கடலில் முருகைக்கல் எடுப்பதற்குச் சட்டத் தடை உண்டு. அது சரியான தடை. எனவே இருக்கும் கல்லே இனிக் கிடைக்கும் கல். நிலைத்து நிற்கும்படி அடுக்கத் தெரிந்த முதியவர்களிடம் இளையவர் பழகியாக வேண்டும். பயணிகளிடம் தீவுக் கட்டணம் என்று ஒரு சிறு தொகை வாங்கி, வேலி அடுக்குகிறவருக்கு நாட்கூலியாகக் கொடுக்கலாம். பயணி பார்க்க வந்த காட்சியைக் காப்பவருக்கே பயணியின் காசு போவது நியாயம்.

படகிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். விடுமுறை நாட்களில் குறிகட்டுவானில் வரிசை நீளும். குடும்பம் குடும்பமாக வருகிற பயணிகள் முந்திக்கொண்டு இடம் பிடிப்பார்கள். யாழ் போதனா வைத்தியசாலையில் கிளினிக்குக்குப் போய்விட்டுத் திரும்பும் ஒரு நெடுந்தீவு அம்மா அந்த வரிசையில் மருந்துப் பையோடு பின்னால் நிற்பார். அந்தப் படகைத் தவறவிட்டால் பயணிக்கு ஓர் உலா இரத்தாகிறது. அவருக்கோ அன்றிரவு யாருடைய வீட்டில் படுப்பது என்ற கேள்வி. ஊராருக்கு முதலிடம், மிஞ்சிய இருக்கை பயணிக்கு, பெருங்கூட்டம் வரும் நாளில் பயணிகளுக்குத் தனிப் படகு, அதற்குக் கூடிய கட்டணம் என்று இறங்குதுறையில் எழுதி ஒட்டி நடைமுறைப்படுத்தப் பெரிய திட்டமோ வெளிநாட்டு நன்கொடையோ தேவையில்லை. பிரதேச சபையும் படகு உரிமையாளரும் ஒரு நாள் கூடிப் பேசினால் போதும்.